மூத்தவளுக்கு எடுத்த அளவு

ஆடி பிறந்துவிட்டால் எனக்கு வாய் கொஞ்சம் கூடிவிடும். என்னைக் குற்றம் சொல்லிப் பிரயோசனமில்லை, கச்சான் காற்றைத்தான் சொல்ல வேண்டும். மேற்கேயிருந்து ஊர்ப் புழுதியை எல்லாம் வாரிக்கொண்டு கடலைப் பார்த்து ஓடுகிற காற்று, போகிற வழியில் திரேஸ்புரத்தில் என் தையல் கடைக்குள்ளும் நுழைந்துவிட்டுத்தான் போகும். வெள்ளை லைனிங் துணியை மேசையில் விரித்துவிட்டுக் கத்தரியைத் தேடுவதற்குள் அது சாக்கு நிறத்துக்கு வந்திருக்கும். இந்த லட்சணத்தில் ஆவணி முகூர்த்தத்துக்கு ஜாக்கெட் தைக்கிற சனமெல்லாம் ஆடியில்தான் வரும். வந்து, "அக்கா, நாளைக்கே வேணும்" என்று நிற்கும். நாளைக்கே வேண்டுமென்றால் போன வாரமே கொண்டுவந்திருக்க வேண்டியதுதானே என்று கேட்டுவிடுவேன். சந்தனச்செல்விக்கு நாக்கில் ஊசி இருக்கிறது என்று தெருவில் பேச்சு. இருந்துவிட்டுப் போகட்டும். புருஷன் போன பிறகு இந்த மெஷினும் இந்த நாக்கும்தான் எனக்குத் துணை.

அப்படிக் காற்றடித்த ஒரு மத்தியானம் பகவதி மைனி ஒரு ஜவுளிக்கடைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். தெருமுனைப் பலசரக்குக் கடை ஆறுமுகநயினார் அண்ணாச்சியின் வீட்டுக்காரி. கடலுக்குப் போகிற படகுகளுக்கு அரிசி, மிளகாய்ப்பொடி, தேயிலை, தீப்பெட்டி எல்லாம் அண்ணாச்சி கடையிலிருந்துதான் போகும். எனக்கு அவர்கள் ரத்த சொந்தம் இல்லை. நான் அவரை அண்ணாச்சி என்றதால் இவள் மைனியானாள், இவள் மகள் பிரேமாவுக்கு நான் அத்தையானேன். வந்த ஊரில் இப்படித்தான் சொந்தம் பிடிக்க வேண்டியிருக்கிறது.

"ஏளா சந்தனம், இதுக்கு ஒரு ரவிக்கை தைக்கணும்" என்று பையைப் பிரித்தாள்.

அரக்குப் பட்டு. கையகல ஜரிகை. முகூர்த்தச் சேலை என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"எம்மா! புதுக்கோட்டை சம்பந்தம் முடிஞ்சிட்டா மைனி? பிரேமா ஒரு வார்த்தை சொல்லலையே, கள்ளி!"

"பிரேமாவுக்கு இல்ல. மூத்தவளுக்கு."

என் கையிலிருந்த பட்டை நான் மேசைமேல் வைத்துவிட்டேன்.

மூத்தவள் இசக்கிசெல்வி. ஐப்பசி மழையில் ஒரு காய்ச்சல் வந்து, ஒன்பது வயதில் போய்விட்டவள். அப்போது பிரேமாவுக்கு ஏழு. இன்றைக்குப் பிரேமாவுக்கு இருபத்தைந்து. இவ்வளவு சொன்னால் போதாது, எங்கள் சனத்து வழக்கத்தையும் சொல்ல வேண்டும். கல்யாணமாகாமல் செத்துப்போன பெண் வீட்டுக்குக் கன்னியாகிவிடுவாள். வீட்டின் கன்னிமூலையில் ஒரு ஓலைப்பெட்டி தொங்கும். வருஷத்துக்கு ஒரு தடவை, இந்த வீட்டில் ஆடிக் கடைசி வெள்ளி, அவளுக்குப் புது உடுப்பு, கண்ணாடி வளையல், சாந்து, சீப்பு எல்லாம் வைத்துக் கும்பிட்டு, உடுப்பைப் பெட்டிக்குள் வைப்பார்கள். போன வருஷம் வைத்ததை வெளியே எடுத்து வீட்டிலிருக்கிற பெண்பிள்ளைக்கு உடுத்தக் கொடுப்பார்கள். ஒன்பது வயதில் போனவளுக்கு எத்தனை காலம் ஆனாலும் ஒன்பது வயதுப் பாவாடைதான். செத்தவர்களுக்கு வயது ஏறாது என்பது யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

மைனிக்கும் தெரியும். முதல் இரண்டு வருஷம் ஒழுங்காகத்தான் வைத்தாள். மூன்றாவது வருஷம் பிரேமாவுக்கு ஒன்பது முடிந்து பத்து தொடங்கியது. பாவாடைத் துணியும் பிரேமாவுமாக என் கடைக்கு வந்தாள். "மூத்தவ இளையவளைவிடச் சின்னவளாவா இருப்பா? இவளுக்கு அளவு எடுத்து ரெண்டு விரக்கடை கூட்டித் தைளா" என்றாள். பெற்ற வயிறு, கேட்கிறாள் என்று தைத்துக் கொடுத்தேன். அடுத்த வருஷமும் அப்படியே. பாவாடை தாவணி ஆயிற்று, தாவணி சுடிதார் ஆயிற்று, சுடிதார் சேலை ஆயிற்று. பத்தாம் வகுப்பு வருஷம் கன்னி முன்னால் ஜாமெட்ரி பாக்ஸ் இருந்தது. காலேஜ் வருஷம் ஹேண்ட்பேக். தெருப் பெண்கள் பார்த்துவிட்டு வெளியே வந்து, "மைனிக்குக் கோட்டி புடிச்சிருக்கு" என்பார்கள். மூத்தவள் விஷயம் தவிர மற்ற எல்லாக் காரியத்திலும் மைனி தெளிவாக இருந்தாள். கடையில் ஒரு கிராம் சீரகம் தவறவிட மாட்டாள்.

ஆனால் பிரேமாவின் பாட்டை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஆடிக்கு ஆடி அவளுக்குக் கிடைத்தது அக்காவின் பழசு. ஒரு வருஷம் பெட்டிக்குள் கிடந்து ஓலை வாசமும் சாம்பிராணி வாசமும் ஏறினது. வளர்கிற வயதில் அந்த இரண்டு விரற்கடை அடுத்த வருஷம் அவளுக்குச் சரியாக வந்து உட்கார்ந்துகொள்ளும். வளர்ந்து முடித்த பிறகு தொளதொளவென்று தொங்கியது. உப்புக் கம்பெனி ஆபீசுக்கு அதையே உடுத்திக்கொண்டு போய்வந்தாள்.

"கன்னிக்குக் கல்யாணம் ஏது மைனி?" என்றேன்.

"கல்யாணம் இல்லேன்னா பட்டு கூடவா உடுத்தக்கூடாது? உடுத்திப் பாக்கட்டும். அவ மனசு நெறையட்டும். மூத்தவ நிக்கையில இளையவளை எறக்கிவிடுத வழக்கம் நம்ம குடும்பத்துல உண்டாளா?"

"புதுக்கோட்டைக்காரங்க ஆடி கழிஞ்சதும் பதில் கேட்டிருக்காகல்லா?"

"மூத்தவ உத்தரவு குடுத்தா சொல்லுவோம்."

"குடுக்கலேன்னா?"

"இவ இங்கன இருக்கட்டும். என்ன இப்ப, குடியா முழுகிட்டு?"

குடி முழுகத்தான் போகிறது என்று எனக்குப் பட்டது. இதே பேச்சில் ஏற்கெனவே இரண்டு வரன் நழுவிப் போயிருந்தது. இந்தப் பையன் ஜெயகணேஷுக்கு ஊர் பக்கத்திலிருக்கிற புதுக்கோட்டை, எங்கள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். பெண் பார்த்துவிட்டுப் போனதிலிருந்து பிரேமாவோடு போனில் பேசுகிறான். அவன் அம்மா மரியாதையாகத்தான் சொல்லியிருந்தாள், ஆவணி பிறக்கும் முன்னே ஒரு வார்த்தை சொல்லுங்கள், இல்லையென்றால் நாங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று. அண்ணாச்சிக்கு முழுச் சம்மதம். ஆனால் அவர் கடையில் யாரிடமும் குரல் உயர்த்தாத மனுஷன், வீட்டிலும் அப்படியே.

"சாயந்திரம் பிரேமாவை வரச் சொல்லுதேன். அளவு எடுத்துக்கோ. ரெண்டு விரக்கடை மறந்துராத" என்று சொல்லிவிட்டு மைனி போனாள்.

சாயந்திரம் பிரேமா வந்தாள். செருப்பை வாசலில் விட்டாள், டிபன் பாக்ஸ் பையைக் கீழே வைத்தாள், கண்ணாடிக்கு முன்னால் நின்று கையைத் தூக்கிக்கொண்டாள். முதுகில் உப்புப் பூத்திருந்தது. வரும் வழியெல்லாம் காற்று.

"யாருக்கு அளவு எடுக்கேன்னு தெரியுமாளா?" என்று கேட்டேன்.

"தெரியும்."

"கோவம் வரலையா ஒனக்கு?"

"யாரு மேல கோவப்பட அத்தை? செத்தவ மேலயா?" என்றாள். டேப்பை நான் மார்பைச் சுற்றிக் கொண்டுவந்தபோது அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். "அவங்க கேட்டாங்க. ஏன் உங்களுக்கு எல்லாச் சட்டையும் பெருசாவே இருக்குன்னு."

"யாரு, கிரேனா?"

சிரித்துவிட்டாள். சிரிப்பு வந்த வேகத்தில் போயும் விட்டது.

"நீ என்ன சொன்ன?"

"அக்காவோடதுன்னு சொன்னேன். அக்கா எங்க இருக்காங்கன்னு கேட்டாங்க. வீட்டுல இருக்கான்னு சொல்லிட்டேன் அத்தை. என்னன்னு சொல்ல? பொறவு அவங்களே தெரிஞ்சுக்கிட்டாங்க. அதுக்கும் ஒண்ணும் சொல்லல. நல்ல மாதிரி." கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வீட்டுல மூணு பேரு இருக்கோம். அம்மா அக்காகிட்டப் பேசுவா. அப்பா ரேடியோகிட்டப் பேசுவாக. நான் ரூமுக்குள்ள போயி கதவை அடைச்சிக்கிடுவேன். இந்த சம்பந்தமும் போச்சுன்னா நான் கடைசிவரை அப்படியே இருந்துருவேன் அத்தை. எனக்குப் பயமா இருக்கு."

என் வீட்டில் ஒரு ஆள்தான், எனக்குத் தெரியாதா அந்தப் பயம்?

"கையை எறக்கு" என்றேன்.

அவள் இறக்கவில்லை. "அத்தை, இந்த ஒரு தடவை கூட்டாமத் தையுங்க. எனக்கு எடுத்த அளவுக்கே."

"மைனி கேட்டா?"

"கேக்க மாட்டா. பெட்டிக்குள்ள போறதை யாரு உடுத்திப் பாக்கப் போறா?"

பேச்சில் ஏதோ ஒரு திட்டம் தெரிந்தது. தெரிந்தும் தைத்தேன். கச்சிதமாக, முதுகில் சுருக்கம் விழாமல், கைமடிப்பில் ஜரிகை உட்காரும்படி. அந்த ஆடியில் நான் தைத்ததிலேயே நல்ல ரவிக்கை அதுதான். மைனி கேட்டால் டேப் சுருங்கிவிட்டது என்று சொல்லலாம் என்றுகூட நினைத்து வைத்திருந்தேன்.

கடைசி வெள்ளியன்று வெள்ளெனவே மைனி வீட்டுக்குப் போய்விட்டேன். மாவிடிக்க, தேங்காய் துருவ என்று எனக்கு எப்போதும் அங்கே சோலி இருக்கும். பச்சரிசிமாவும் கருப்பட்டியும் சேர்த்துக் கொழுக்கட்டை பிடித்தோம். பொங்கல் பானையில் ஏலக்காய் மணந்தது. வெளியே காற்று தகரக் கூரையை ஆட்டிக்கொண்டிருந்தது. விளக்கை ஏற்றினால் நிற்கவில்லை என்று அண்ணாச்சி ஜன்னலுக்குக் கோணிச்சாக்கைக் கட்டினார். தெருப் பெண்கள் நாலைந்து பேர் வந்து உட்கார்ந்தார்கள். மைனி தலைக்குக் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு இட்டு, ஓலைப்பெட்டியை இறக்கித் திறந்தாள். போன வருஷத்துச் சேலையை எடுத்துப் பிரேமாவிடம் கொடுத்து, "போயி உடுத்திட்டு வா" என்றாள். பட்டு, உள் அறைக் கட்டிலின்மேல் தாம்பாளத்தில் பூவோடு இருந்தது. பிரேமாதான் எடுத்துவர வேண்டும்.

தாம்பாளம் வரவில்லை. பிரேமா வந்தாள். அரக்குப் பட்டை உடுத்திக்கொண்டு வந்தாள்.

குலவை போடுவதற்கு வாயைத் திறந்தவள் திறந்தபடியே இருந்தாள். எனக்கோ, சொன்னால் அடிக்க வருவீர்கள், முதலில் கண்ணில் பட்டது ரவிக்கைதான். அவள் உடம்பில் அப்படி உட்கார்ந்திருந்தது. இத்தனை வருஷத்தில் அந்தப் பிள்ளையைத் தன் அளவுக்கே தைத்த சட்டையில் நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஏ மூதி!" மைனி எழுந்துவிட்டாள். "என்னளா காரியம் பண்ணிட்ட? கன்னிக்கு வச்சதை நீ உடுத்தலாமா? கழட்டுளா! கழட்டு!"

"கழட்ட மாட்டேன்."

"குடும்பத்தையே அழிச்சிருவா அவ. ஒன் அக்கா மனசு என்ன பாடுபடும்?"

"அக்காவுக்கு இருபத்தேழு வயசுன்னு யாரு சொன்னா ஒனக்கு?" பிரேமா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. "நான் வளந்தேன், அவ வளந்தா. நான் சேலை கட்டுனேன், அவ சேலை கட்டுனா. எல்லாம் என் ஒடம்புதானம்மா! என்னை நிக்க வச்சு அவளை அளந்துட்டு, பொறவு என்னைப் பாக்கவே மாட்டேங்குத."

மைனி கையை ஓங்கிக்கொண்டு போனாள். கை அப்படியே நின்றது. அடிக்க ஓங்கின கையால் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ போயிருவ" என்றாள். "புதுக்கோட்டைக்கு அவன் பின்னால போயிருவ. பொறவு நான் யாரை வச்சு அவளுக்கு அளவு எடுப்பேன்? யாரைப் பாத்து அவ இப்ப இப்பிடி இருப்பான்னு நெனப்பேன்? நீ வாசப்படி எறங்குனா ரெண்டு பேரும்லாளா போறீங்க எனக்கு!"

இத்தனை வருஷமும் மூத்தவள், வழக்கம், உத்தரவு என்று அவள் சொன்னதெல்லாம் இதுதான். கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கும் அப்போதுதான் புரிந்தது.

பிரேமா அழ ஆரம்பித்துவிட்டாள். "எனக்கு ஒரு அக்கா இருந்தாம்மா. தட்டாங்கல்லுல கள்ளாட்டம் ஆடுவா. நான் அழுதா அவ பங்கு மிட்டாயைத் தந்துட்டு, நான் சிரிச்சதும் பாதியைத் திருப்பிக் கேப்பா. மழையில கப்பல் விட்டா, என் கப்பலை முந்தவிடாமத் தண்ணியைக் காலால அளம்புவா. அவளுக்கு ஒம்போது வயசு. நீ வளத்து வச்சிருக்கியே ஒருத்தி, ஹேண்ட்பேக்கும் பட்டுமா, இவ யாரு? எனக்கு இவளைத் தெரியாது. இவ வந்து எங்க அக்காவை மறைச்சிட்டா. எனக்கு அவ மொகமே வரமாட்டேங்குதும்மா. எனக்கு எங்க அக்கா வேணும்."

அண்ணாச்சி ஜன்னலோரம் சாக்கைப் பிடித்தபடி நின்றிருந்தார். துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு, "எனக்கும்தான் பகவதி" என்றார்.

சாக்கு அவர் கையிலிருந்து நழுவிவிட்டது. காற்று உள்ளே வந்து விளக்கை அணைத்தது. யாரும் திரும்ப ஏற்றவில்லை. மைனி, திறந்த பெட்டிக்கு முன்னால் காலை மடக்காமல் கீழே விழுந்த மாதிரி உட்கார்ந்தாள். பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து, சொல்லிக்கொள்ளாமல் போனார்கள். அண்ணாச்சி எல்லாருக்கும் கொழுக்கட்டையும் பொங்கலும் தூக்குச்சட்டியில் போட்டுக் கொடுத்தனுப்பினார். கும்பிடாத பொங்கல். வீட்டில் தனியாக உட்கார்ந்து இரண்டு வாய் தின்றேன், அதற்குமேல் இறங்கவில்லை.

அதன் பிறகு மைனியை வெளியே காணோம். குடம் எடுத்துக் குழாயடிக்கு வரவில்லை, கடைக்கல்லாவில் உட்காரவில்லை. அண்ணாச்சி மத்தியானம் கடையிலேயே ஒரு பன்னும் டீயும் வைத்துக்கொண்டார். பிரேமா ஆபீசுக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள், என் கடையைத் தாண்டும்போது தலையை மட்டும் ஆட்டுவாள். "அம்மா பேசுதாளா?" என்றால் "இல்ல" என்பாள். "சாப்பிடுதாளா?" என்றால், "வச்சிட்டு வந்தா சாப்பிட்டிருக்கா" என்பாள். ஆவணி நெருங்கிக்கொண்டிருந்தது. புதுக்கோட்டையிலிருந்து ஒரு தடவை போன் வந்ததாக அண்ணாச்சி சொன்னார். இரண்டு நாள் பொறுக்கச் சொன்னாராம்.

எனக்கு மைனி மேல் எரிச்சலும் வந்தது, மெஷினில் உட்கார்ந்தால் அழுகையும் வந்தது. ஒரு பிள்ளையைச் சாகக் கொடுப்பதே பெரிய கொடுமை. இவளுக்கு ஒன்பது வயதில் போனவள் ஒருத்தி, மனசுக்குள்ளேயே இருபத்தேழு வரைக்கும் வளர்த்து ஆளாக்கினவள் ஒருத்தி. இரண்டாவது ஒருத்தியை இப்போது அவளே வாசல்வரை கொண்டுபோய் விட வேண்டும். கூட அழுவதற்கு ஆள் கிடையாது, துட்டிக்கு வருவார் கிடையாது. தெருவில் போய்க் கேட்டால் எதற்கு அழுகிறாள் என்பார்கள். பிள்ளை பெறாத எனக்கே அது புரிந்தது.

ஆடி முடிகிற அன்றைக்கு முந்தின நாள், கடையில் ஆளில்லாத உச்சிநேரத்தில் வந்தாள். தலை வாரியிருந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். கையில் ஒரு காகிதப் பொட்டலம்.

"இரி மைனி. மோர் தரட்டா?"

"வேண்டாம்." ஸ்டூலில் உட்கார்ந்தாள். "புதுக்கோட்டைக்கு அவுகளை அனுப்பியிருக்கேன். ஆவணி மொத வெள்ளி நிச்சயம் வச்சிக்கிடலாம்னு சொல்லச் சொல்லிட்டேன்."

நான் ஏதோ சொல்ல வந்தேன், அவள் விடவில்லை.

"அந்தப் பட்டு பிரேமாகிட்டயே இருக்கட்டும். நிச்சயத்துக்கு அதையே உடுத்தட்டும். அவளுக்கு நல்லா இருந்துதுல்லா?"

"ரொம்ப நல்லா இருந்துது மைனி."

"ஆமா. அன்னைக்கு நான் ஒழுங்காப் பாக்கல. நேத்து உடுத்திக் காட்டச் சொன்னேன்." பொட்டலத்தைப் பிரித்தாள். நாவல்பழ நிறத்தில் பூப்போட்ட சீட்டித்துணி. "நாளைக்கு ஆடி முடிஞ்சிரும்லா. அன்னைக்கு மூத்தவளுக்கு ஒண்ணுமே வைக்கல. பாவாடை சட்டை தைக்கணும்ளா. ஒம்போது வயசுப் பிள்ளைக்கு."

டேப்பை எடுத்தேன். எடுத்துவிட்டேனே ஒழிய, யாரை அளப்பது? வழக்கமாகப் பிரேமா நிற்கிற இடம் காலியாகக் கிடந்தது.

"உசரம் எவ்வளவு வைக்க மைனி?"

அவள் எழுந்து நின்றாள். கையைத் தட்டையாக நீட்டித் தன் தலைக்குமேல் வைத்தாள், பிரேமாவின் உயரத்துக்கும் சற்று மேலே. பிறகு என்னைப் பார்த்தாள். அந்தக் கை பையப் பைய இறங்கியது. நெற்றிக்கு வந்து நின்றது. அதற்குக் கீழே வர மறுத்த மாதிரி அங்கேயே இருந்தது. மைனியின் வாய் கோணியது. கை மறுபடி இறங்கி, கழுத்தைத் தாண்டி, நெஞ்சுக்கு நேரே வந்து நின்றது.

"இங்கன" என்றாள். "ஓடிவந்து கட்டிப்பிடிச்சா தலை இங்கன இடிக்கும்."

நான் குனிந்து தரையிலிருந்து அவள் கைக்கு டேப்பைப் பிடித்தேன். அளந்து முடித்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. அந்த உயரத்தில் ஒரு தலையைத் தடவுகிற மாதிரி விரல்கள் அசைந்தன. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு துணியை மேசையில் விரித்தேன்.

சின்னப் பிள்ளைகளுக்குப் பாவாடை தைத்தால் அடியில் இரண்டு மூன்று டக் பிடித்து வைப்பது எங்கள் தொழில் வழக்கம். பிள்ளை உயரம் போடப்போட ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டால் அதே பாவாடை நாலு வருஷத்துக்கு வரும். கை தன்பாட்டில் சாக்கட்டியை எடுத்தது, வாய் தன்பாட்டில் கேட்டுவிட்டது.

"டக் எத்தனை வைக்க மைனி?"

கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. என் பாழாய்ப்போன நாக்கைக் கடித்துக்கொண்டேன். மைனி துணிக்குப் பக்கத்தில் வந்து, அதன்மேல் படிந்திருந்த புழுதியைத் தட்டிவிட்டாள்.

"டக்கு வேண்டாம்ளா" என்றாள். "இனி வளர மாட்டா."